ஆறு பேர், ஒரு மே மாத நாள்: சென்னையில் எந்தப் பூங்காவுக்குப் போவது?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு தொடங்கிவிடும். விடுமுறையில் ஒரு நாள் முழுவதும் வெளியே போக வேண்டும், அது தீம் பார்க்காக இருக்க வேண்டும் என்பதில் பிள்ளைகளுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எந்தப் பூங்கா என்பதில்தான் ஒவ்வோர் ஆண்டும் வாக்குவாதம். இந்த முறை முடிவெடுக்கும் முன் சென்னையைச் சுற்றியுள்ள வாய்ப்புகளை ஒன்றோடொன்று பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்தேன். எங்களைப் போலவே வெவ்வேறு வயதினரைக் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டிய குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் அந்தக் கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

நாங்கள் ஆறு பேர். மூத்த மகளுக்குப் பதினொரு வயது, உயரம் 146 செ.மீ. இரண்டாமவனுக்கு எட்டு வயது, 124 செ.மீ. கடைக்குட்டிக்கு மூன்று வயது, 92 செ.மீ. என் மாமியாருக்கு அறுபத்தெட்டு வயது. முழங்கால் வலி உண்டு, ஆனால் பிள்ளைகள் போகுமிடத்துக்குத் தாமும் வர வேண்டும் என்று விரும்புகிறவர். மீதி இருவர் நானும் என் கணவரும். வயதைக் காட்டிலும் உயரத்தை முன்வைத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பூங்கா வாசலில் எந்தக் கட்டணம் என்பதையும், உள்ளே எந்த ராட்டினத்தில் ஏறலாம் என்பதையும் பெரும்பாலும் தீர்மானிப்பது சுவரில் வரைந்திருக்கும் உயரக் கோடுதான். ஆகவே பூங்காக்களின் பட்டியலைப் பார்ப்பதற்கு முன், வீட்டுக் கதவு நிலையில் பிள்ளைகளை நிறுத்திச் செருப்பில்லாமல் அளந்து குறித்துக்கொள்வதே முதல் வேலை.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, அந்த நாளில் யார் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்பது. விளம்பரங்கள் நாற்பது ராட்டினங்கள், ஐம்பது ராட்டினங்கள் என்று எண்ணிக்கையைச் சொல்கின்றன. நம் வீட்டு ஆறு பேரில் எத்தனை பேர் அவற்றில் ஏறப்போகிறார்கள், ஏறாதவர் எங்கே, எந்த நிழலில், என்ன செய்துகொண்டிருப்பார் என்பதை அவை சொல்வதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பூங்காவில் என் மாமியார் காலை பதினொரு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை பைகளுக்குக் காவலாக ஒரு சிமெண்டு பெஞ்சில் அமர்ந்திருந்தார். அவருக்கும் முழுக் கட்டணம் கட்டியிருந்தோம். அன்றிரவு அவர் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறுத்தியது.

இப்போது எல்லோரும் பேசுவது திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லாவைப் பற்றித்தான். கொச்சியில் 2000-இலும், பெங்களூருவை அடுத்த பிடதியில் 2005-இலும், பிறகு ஐதராபாத்திலும் புவனேசுவரத்திலும் பூங்கா நடத்திவரும் அதே நிறுவனத்தின் ஐந்தாவது பூங்கா இது. ஏறத்தாழ 65 ஏக்கர் பரப்பில், ரூ.611 கோடி செலவில் கட்டப்பட்டது. 43 ராட்டினங்கள் இருப்பதாக அறிவித்தார்கள். அவற்றுள் முதன்மையானது 'தஞ்சோரா' என்ற ரோலர் கோஸ்டர். தண்டவாளம் தலைக்கு மேலே இருக்க, கால்கள் காற்றில் தொங்க, இருக்கை கீழே மாட்டப்பட்டபடி ஓடும் இந்த வகையை உலகுக்கு 1992-இல் அறிமுகப்படுத்திய போலிகர் அண்டு மபிலார்டு என்ற சுவிட்சர்லாந்து நிறுவனமே இதையும் வடிவமைத்திருக்கிறது. இத்தகைய தரத்தில் ஒன்று சென்னைக்கு வந்திருப்பது உண்மையிலேயே பெரிய செய்தி. இதுவரை இதற்காகவே இரவு ரயிலேறிப் பெங்களூரு போய், விடுதியில் தங்கித் திரும்பிய குடும்பங்களுக்கு இரண்டு நாள் செலவு ஒரு நாளாகச் சுருங்கிவிட்டது.

ஆனால் எங்கள் ஆறு பேருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. வொண்டர்லா பூங்காக்களில் 85 செ.மீ.க்குக் குறைந்த குழந்தைக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் 140 செ.மீ. வரை குழந்தைக் கட்டணம். அதையும் தாண்டினால் பெரியவர் கட்டணம். எனவே எங்கள் கடைக்குட்டி 92 செ.மீ. என்பதால் சீட்டு வாங்கியாக வேண்டும், அவன் ஏறக்கூடியவையோ மிகச் சில. மூத்தவள் பள்ளிப் பிள்ளையாக இருந்தாலும் பெரியவர் கட்டணம். திறப்பின்போது அறிவிக்கப்பட்ட கட்டணம் ரூ.1,489. அதை அடிப்படையாக வைத்து, குழந்தைகளுக்கும் மூத்தோருக்கும் உள்ள சலுகைகளைக் கழித்த பிறகும், எங்களுக்கு நுழைவுச் செலவு மட்டுமே ஏழாயிரம் ரூபாயைத் தாண்டும். வார நாளுக்கும் விடுமுறை நாளுக்கும் கட்டணம் மாறும் என்பதையும், மாணவர் அடையாள அட்டைக்குத் தள்ளுபடி தரும் வழக்கம் அந்தப் பூங்காக்களில் உண்டு என்பதையும் பதிவு செய்யும் முன் பார்த்துக்கொள்வது நல்லது. வெளியுணவை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் மதியச் சாப்பாட்டையும் ஆறு பேருக்குக் கணக்கிட வேண்டும்.

பணம்கூட இரண்டாம் பட்சம். வேகமும் உயரமும் மிக்க ராட்டினங்களுக்கு அங்கே 140 செ.மீ. கேட்பது வழக்கம். எங்கள் வீட்டில் பிள்ளைகளில் அந்தக் கோட்டைத் தாண்டியவள் மூத்தவள் ஒருத்திதான். 124 செ.மீ. உள்ள இரண்டாமவன், அக்கா ஏறும் ஒவ்வொன்றின் வாசலிலும் அளக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்படுவான். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது சிறிய விஷயமல்ல. ஒரு நாளில் ஏழெட்டு முறை அப்படி நடந்தால், வீடு திரும்பும்போது அவன் நினைவில் தங்குவது ஏறியவை அல்ல, ஏற முடியாதவைதான். இள்ளலூர்ப் பூங்காவின் முழுப் பயனையும் பெறுவது பதின்பருவப் பிள்ளைகள் உள்ள வீடும் கல்லூரி நண்பர் குழுவுமே. அத்தகைய வீட்டார் என்னைக் கேட்டால் வேறெதையும் ஒப்பிடாமல் நேராக அங்கே போகச் சொல்வேன்.

அங்கே போகிறவர்களும் வரிசையைப் பற்றிய ஒரு சிறு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு ராட்டினத்தில் ஒரே நேரத்தில் 24 பேர் அமரலாம் என்றும், ஏறி, பூட்டி, சுற்றி, இறங்க நான்கு நிமிடம் ஆகும் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் பதினைந்து சுற்று, அதாவது 360 பேர். உங்களுக்கு முன்னால் 540 பேர் நின்றால் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், ஏறி இருப்பதோ ஓரிரு நிமிடம். மே மாத ஞாயிற்றுக்கிழமையில் பெயர் பெற்ற நான்கு ராட்டினங்களை மட்டும் குறிவைத்தால் நாளே வரிசையில் போய்விடும். பூங்கா திறந்தவுடன் கூட்டம் வாசலுக்கு அருகில் உள்ளதில்தான் முதலில் குவியும்; நேராகக் கடைசிக் கோடிக்குப் போய் அங்கிருந்து திரும்பி வருகிறவர்களுக்குக் காத்திருப்பு குறையும். கூடுதல் கட்டணத்தில் விரைவு வரிசைச் சீட்டும் உண்டு. ஆறு பேருக்கு வாங்குவது கட்டுப்படியாகாது. பெரிய ராட்டினங்களில் ஏறப்போகும் இருவருக்கு மட்டும் வாங்கலாம்.

நகரின் மேற்குப் பக்கத்தில், பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் குயின்ஸ்லாந்து இருக்கிறது. போரூர், அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அதுவே கிட்டத்தில் உள்ளது. மாம்பலத்தில் இருக்கும் எங்களுக்கும் தொலைவு பெரிதல்ல. ஆனால் கடலிலிருந்து விலகிய உள்நிலம், மே மாதம். இந்த இரண்டும் சேரும்போது நான் தயங்குகிறேன். சென்னையில் கோடை நாளில் பிற்பகலில் கடற்காற்று முதலில் கரையோரத்தைத் தொட்டுப் பிறகுதான் மேற்கே நகரும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்தில் வெயில் பெரும்பாலும் கரைக்கு அருகிலுள்ள நுங்கம்பாக்கத்தைவிட அதிகமாகப் பதிவாவது இதனால்தான். கத்திரி வெயில் நாட்களில் இந்த வேறுபாடு ஒரு முதியவருக்கும் ஒரு மூன்று வயதுக் குழந்தைக்கும் நாளையே மாற்றிவிடும். அரையாண்டு விடுமுறை என்றால் இந்தத் தயக்கம் எனக்கு இருந்திருக்காது.

ஆக, கிழக்குக் கடற்கரைச் சாலை. இங்கே இரண்டு பழைய பூங்காக்கள் உள்ளன: ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி., அதற்கும் தெற்கே முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டு. இரண்டும் புதியதன் பளபளப்பு இல்லாதவை. ராட்டினங்களின் வேகத்திலோ பராமரிப்பின் நேர்த்தியிலோ இள்ளலூரோடு போட்டியிடக்கூடியவை அல்ல. வி.ஜி.பி.யைப் பற்றிச் சொல்லும்போது வாசலில் அசையாமல் நின்ற சிலை மனிதரை நினைக்காமல் என் வயதுக்காரர்களால் இருக்க முடியாது. அவரைச் சிரிக்க வைக்கப் பள்ளிச் சீருடையில் நாங்கள் எத்தனையோ முயன்று தோற்றோம். நினைவு ஒருபுறமிருக்க, இந்தப் பூங்காக்களுக்கு இரண்டு நடைமுறைச் சாதகங்கள் உள்ளன. ஒன்று, நடுத்தர உயரமுள்ள பிள்ளைகள் ஏறக்கூடிய மிதமான ராட்டினங்கள் இங்கே அதிகம். எட்டு வயதுப் பையன் இங்கே பார்வையாளனாக நிற்க வேண்டியதில்லை. மற்றொன்று, பக்கத்திலேயே ராட்டினத்தில் ஏறாதவர்களுக்கான இடமும் இருக்கிறது. தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்து பிறகு சேர்ந்துகொள்ள இது உதவும்.

வி.ஜி.பி.யை ஒட்டி 2019-இல் திறக்கப்பட்ட மரைன் கிங்டம் மீன்காட்சியகம் இருக்கிறது. கண்ணாடிக் குகைப் பாதையில் நடக்கும்போது தலைக்கு மேல் திருக்கையும் சுறாவும் நீந்திப் போவதைப் பார்க்கலாம். குளிரூட்டப்பட்ட இடம் என்பதால் உச்சி வெயிலுக்கு நல்ல ஒதுங்குமிடம். அதற்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும், அதுவும் மலிவானதல்ல. நிதானமாகப் பார்த்தாலும் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி நான்கு மணி நேரம் பாட்டியும் பேரனும் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

முட்டுக்காட்டில் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கிறது. எம்.ஜி.எம்.முக்கு அடுத்தே தட்சிணசித்ரா. தென்னிந்தியாவின் நான்கு மாநிலங்களிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, தூணும் கதவும் ஓடும் அதே முறையில் மறுபடி எழுப்பி, 1996 டிசம்பரில் திறக்கப்பட்ட பத்து ஏக்கர் வளாகம் அது. வடிவமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கை உண்டு. செட்டிநாட்டு வீடும், அக்கிரகாரத்து வீடும், கேரளத்து மர வீடும் திண்ணையோடும் முற்றத்தோடும் நிற்கின்றன. என் மாமியார் காரைக்குடிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். முன்பொரு முறை அங்கே போனபோது அந்த வீட்டின் முகப்பில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் நெல் கொட்டும் அறை, அந்தப் பக்கம் கல்யாணச் சாமான் பூட்டி வைக்கும் அறை என்று தம் தாத்தா வீட்டைப் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டது அன்றுதான். குயவர் சக்கரத்தில் களிமண் கொடுத்தால் மூன்று வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேரம் போவதே தெரியாது. நிழலும் திண்ணையும் உணவகமும் இருப்பதால் காத்திருப்பு என்ற சொல்லே இங்கே பொருந்தாது. அவருக்கும் அது ஒரு சுற்றுலா. தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவையும் சேர்த்துப் பார்த்தேன். செலவை மட்டும் அளவுகோலாக வைத்தால் அதை வெல்ல எதுவும் இல்லை: மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் வண்டலூரில் இறங்கலாம்; நுழைவுக் கட்டணம் தீம் பார்க் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு. 1855-இல் நகருக்குள் தொடங்கிய பழைய மிருகக்காட்சி சாலை 1985-இல் இங்கே இடம் மாறியது. 602 ஹெக்டேர் காடு. அதன் சிறப்பும் சிரமமும் அந்தப் பரப்புதான். நடந்து பார்ப்பது பிள்ளைகளுக்கே களைப்பு. மின்கல வண்டி உண்டு என்றாலும் விடுமுறை நாளில் அதற்கும் வரிசை. மேலும் மே மாத நண்பகலில் புலியும் சிங்கமும் நிழலில் சுருண்டு தூங்கும். கூண்டுக்குக் கூண்டு பிள்ளைகள் "எங்கேம்மா, எங்கேம்மா" என்று தேடிச் சலித்துப் போவார்கள். வண்டலூருக்குச் சரியான காலம் டிசம்பரும் ஜனவரியும், சரியான நேரம் காலை ஒன்பது மணிக்குக் கதவு திறந்தவுடன். காணும் பொங்கலன்று மட்டும் போக வேண்டாம். நகரமே அங்கேதான் இருக்கும். அங்கும் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, விடுமுறைக் காலத்தில் அது மாறுவதுண்டு.

சென்னைக்கு வெளியே உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவைப் பக்கத்தில் மேட்டுப்பாளையம் மலையடிவாரத்தில் பிளாக் தண்டர், மதுரைக்குப் பரவையில் அதிசயம் என்று அந்தந்தப் பகுதிக்கு நீர் விளையாட்டுப் பூங்காக்கள் இருக்கும்போது, ஒரு நாள் கேளிக்கைக்காகச் சென்னை வரை பயணம் செய்வது சிறு பிள்ளைகளுக்குத் தேவையில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை ரோலர் கோஸ்டருக்காகவே கேட்டால் அது வேறு.

எந்தப் பூங்காவானாலும் நாளைத் தேர்ந்தெடுப்பது பூங்காவைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமமான முடிவு. சனி, ஞாயிறு, மே தினம் மூன்றையும் நான் முதலிலேயே நீக்கிவிடுகிறேன். அலுவலகத்தில் ஒரு நாள் விடுப்பு எடுப்பதால் ஏற்படும் இழப்பைவிட, வார நாளில் போவதால் மிச்சமாகும் நேரம் அதிகம். அரையாண்டு விடுமுறையில் வெயில் இதமாக இருக்கும், ஆனால் வடகிழக்குப் பருவமழையின் வால் சென்னையை விட்டுப் போயிருக்காது. பலத்த மழையிலும் மின்னலிலும் உயரமான ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள், சீட்டுப் பணம் திரும்புமா என்பதை முன்பதிவு விதிகளில்தான் தேட வேண்டும். டிசம்பர் மாலையில் ஈர உடையோடு நிற்கும் குழந்தைக்குச் சளி பிடிப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். நீர் விளையாட்டுக்கு மே மாதமே சரி, உலர் ராட்டினங்களுக்கு டிசம்பர் சரி என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது. 2025 மே மாத இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் ராட்டினம் உயரத்தில் நின்றுவிட, பெண்கள், குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் சில மணி நேரம் மேலேயே சிக்கியிருந்தனர். தீயணைப்பு வீரர்கள் ராட்சத ஏணியைக் கொண்டுவந்துதான் அவர்களை இறக்கினார்கள். உயிருக்குத் தீங்கு நேரவில்லை என்பது ஆறுதல். ஆனால் அதற்குப் பிறகு என் பார்வை மாறிவிட்டது. ஒரு ராட்டினத்தில் பிள்ளையை ஏற்றும் முன் இரண்டு சுற்று நின்று பார்க்கிறேன்: ஊழியர் ஒவ்வொரு இருக்கையின் தோள்கம்பியையும் கையால் இழுத்துப் பார்க்கிறாரா, உயரத்தை அளந்துதான் விடுகிறாரா, அல்லது "பரவாயில்லை, ஏறட்டும்" என்கிறாரா. அளவுக் கோட்டை ஊழியர் தளர்த்தினால் அது சலுகையாகத் தோன்றும். தோள்கம்பிக்கும் பிள்ளையின் உடலுக்கும் இடையே இருக்கும் இடைவெளிக்கு அந்தச் சலுகை தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் நான் பிள்ளையை இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். பழைய பூங்காவைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இந்த இரண்டு சுற்றுக் கவனத்தை எந்த நிலையிலும் விடக்கூடாது.

சிறு விஷயங்கள் சில. நீர் விளையாட்டில் பருத்தி உடைக்குப் பெரும்பாலும் அனுமதியில்லை. உள்ளே வாங்கினால் விலை கூடுதல் என்பதால் நைலான் உடையை வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம். மே மாதச் சிமெண்டுத் தரை பிள்ளைகளின் உள்ளங்காலைச் சுட்டுவிடும். நனையக்கூடிய ரப்பர் செருப்பு இல்லாமல் போகவே கூடாது. சுற்றும் ராட்டினங்களை மதியச் சாப்பாட்டுக்கு முன்பும், நீர் விளையாட்டைப் பின்பும் வைத்துக்கொண்டால் வாந்தித் தொல்லை இருக்காது.

இவ்வளவையும் எடைபோட்டு, எங்கள் ஆறு பேருக்கு நான் முடிவு செய்தது முட்டுக்காடு. நாள், மே முதல் வாரத்துக்குப் பிந்தைய ஒரு புதன்கிழமை. பூங்காவுக்கு மூன்றே சீட்டு: என் கணவர், மூத்தவள், இரண்டாமவன். மாமியாரையும் கடைக்குட்டியையும் அழைத்துக்கொண்டு நான் தட்சிணசித்ராவுக்குள் போய்விடுவேன். மாலை நான்கரைக்கு இரு குழுவும் வாசலில் சேர்ந்து, முட்டுக்காடு படகுத் துறையில் ஆறு பேரும் ஒரே படகில் ஏறுவோம். இந்தப் பயணத்தில் ஒரு உயரக் கோடும் இல்லாமல் எல்லோரும் சேர்ந்து ஏறப்போவது அது ஒன்றுதான். இந்தத் திட்டத்தில் மூத்தவளுக்குத்தான் குறை. அவள் கேட்டது தஞ்சோராவை, கிடைப்பது மிதமான ராட்டினங்கள். அதனால் அரையாண்டு விடுமுறையில் ஒரு வார நாளில் அவளும் அவள் அப்பாவும் மட்டும் இள்ளலூர் போவதென்று பேசி வைத்திருக்கிறோம். இருவருக்கும் விரைவு வரிசைச் சீட்டு வாங்கினாலும், ஆறு பேராகப் போவதைவிடக் குறைந்த செலவே ஆகும் என்றே என் கணக்கு சொல்கிறது. இரண்டாமவன் இப்போதே கதவு நிலையில் 140-க்கு ஒரு கோடு போட்டு வைத்து, வாரம் ஒரு முறை அதன் கீழே போய் நிற்கிறான்.